ஆபத்து எது, அபாயம் எது?

ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கும் நண்பர் கேட்ட கேள்வி இது: "இயந்திரங்களில் ஒட்டும் டேஞ்சர், வார்னிங், காஷன் பலகைகளைத் தமிழிலும் போடச் சொல்லியிருக்கிறார்கள். டேஞ்சருக்கு 'ஆபத்து' என்று எழுதினேன். மேலாளர் 'அபாயம்' என்று மாற்றச் சொல்கிறார். இரண்டும் ஒன்றுதானே? அகராதியில் ஒன்றுக்கு இன்னொன்றைத்தானே பொருளாகப் போட்டிருக்கிறார்கள்?"

உங்கள் மேலாளர் சொன்னது சரி. பலகைக்கு அபாயம்தான் பொருந்தும். அதற்காக உங்கள் வாயில் ஆபத்து என்று வந்தது தப்பு என்று நினைக்க வேண்டாம். வீட்டில், தெருவில், ஆஸ்பத்திரி வாசலில் நாம் எல்லோரும் சொல்வது அதைத்தான். இரண்டும் நெருங்கிய சொற்கள், ஆனால் ஒன்று இருக்கும் இடத்தில் இன்னொன்றை வைத்தால் லேசாக உறுத்தும். அந்த உறுத்தல் எங்கிருந்து வருகிறது என்பதுதான் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில்.

நான் மதுரையில் ஒரு நாளிதழில் பிழைதிருத்தும் மேசையில் பல வருடம் இருந்தவன். ஒரு மழைக்காலம், இரவுப் பணி. தேனியிலிருந்து புதிதாகச் சேர்ந்த நிருபர் செய்தி அனுப்பியிருந்தார். வைகை அணை நிரம்பிக்கொண்டிருந்த நேரம். அந்த அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 71 அடி. 66 அடி வந்ததும் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஐந்து மாவட்டத்துக் கரையோர மக்களும் ஆற்றுப் பக்கம் போகாதபடி சொல்லிவிடுவார்கள். நிருபர் தம்பி எழுதியிருந்த தலைப்பு: "வைகைக் கரையோரம் வெள்ள ஆபத்து எச்சரிக்கை". நான் 'ஆபத்து' என்பதை அடித்துவிட்டு 'அபாய' என்று போட்டேன். வெள்ள அபாய எச்சரிக்கை. தம்பி போனில் கேட்டார், "ஏன் சார், ரெண்டும் ஒண்ணுதானே?" அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரிந்தது, "அப்படித்தான்பா எழுதுறது வழக்கம்" என்பது மட்டும்தான். அது ஒரு பதிலே இல்லை. அதற்குப் பிறகு இந்த இரண்டு சொல்லும் கண்ணில் படும்போதெல்லாம் குறித்து வைக்க ஆரம்பித்தேன்.

முதலில் பிடிபட்டது, அவற்றோடு சேரும் வினை. ஆபத்து வரும். ஆபத்தில் மாட்டிக்கொள்வோம், சிக்குவோம், ஆபத்திலிருந்து தப்பிப்போம். யாருக்கு என்ற கேள்வி எப்போதும் கூடவே நிற்கும்: உயிருக்கு ஆபத்து, பிள்ளைக்கு ஆபத்து, வேலைக்கே ஆபத்து. அபாயம் அப்படி இல்லை. அபாயம் இருக்கும், நீங்கும், அதை அறிவிப்பார்கள். எங்கே, எதில் என்றுதான் கேட்கத் தோன்றும்: அபாயகரமான வளைவு, அபாய அளவைத் தாண்டி ஓடும் ஆறு, அபாயகரமான கழிவு, தீ பரவும் அபாயம். ஆபத்து ஆளைச் சேர்ந்தது, அபாயம் இடத்தையும் பொருளையும் சேர்ந்தது. உங்கள் தொழிற்சாலையில் யாருமே இல்லாத ஞாயிற்றுக்கிழமையும் அந்த மின்மாற்றியில் அபாயம் இருக்கிறது. ஆள் கிட்டப் போய்க் கையை நீட்டும்போதுதான் அது ஆபத்து ஆகிறது.

வைகைத் தலைப்புக்கும் இதுவே கணக்கு. 'வெள்ள ஆபத்து' என்று படித்தால் தண்ணீர் ஏற்கெனவே வாசற்படிக்கு வந்துவிட்டது போல நெஞ்சு அடித்துக்கொள்ளும். 'வெள்ள அபாயம்' என்றால் வரக்கூடும், தயாராக இரு என்று அர்த்தம். எச்சரிக்கை என்பது வருவதற்கு முன்னால் சொல்வது, அதனால் அதற்கு அபாயம்தான் ஜோடி. மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தின் கடைசியில் மூச்சு விடாமல் வாசிப்பார்களே, சந்தை அபாயங்களுக்கு உட்பட்டவை என்று, அதிலும் இந்தப் பொருள்தான். பணம் போய்விட்டது என்று சொல்லவில்லை, போகலாம் என்று சொல்கிறார்கள்.

இந்தக் கோடு எல்லா இடத்திலும் நேராகப் போகும் என்று சொல்ல மாட்டேன். "அபாயக் கட்டத்தைத் தாண்டிட்டார்" என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள், அங்கே பேச்சு ஒரு ஆளைப் பற்றியதுதான். ஆனால் அங்கேயும் கவனித்துப் பாருங்கள், 'கட்டம்' என்ற ஓர் இடத்தைச் செய்துகொண்டு, அதற்கு அபாயம் என்று பெயர் வைத்து, ஆள் அதைத் தாண்டினார் என்கிறோம். அதே வாசலில் அவருடைய மனைவி டாக்டரிடம் கேட்பது, "உயிருக்கு ஆபத்து ஒண்ணும் இல்லையே?" என்றுதான். "அபாயம் இல்லையே?" என்று அழுதுகொண்டே யாரும் கேட்டு நான் கேட்டதில்லை.

சொல் பிறந்த கதையும் இதற்கு ஒத்துப்போகிறது. இரண்டும் சமஸ்கிருதத்திலிருந்து வந்தவை, ஆனால் வேர் வேறு. ஆபத்து 'பத்' என்ற வேரிலிருந்து வந்தது. விழுதல், போய்ச் சேருதல் என்று பொருள். 'ஆ' சேர்ந்தால் நம் மேல் வந்து விழுவது. அதே வேரில் பிறந்த அண்ணன் தம்பிகள்தான் சம்பத்தும் விபத்தும். சேர்ந்து வந்தால் சம்பத்து, மேலே விழுந்தால் ஆபத்து, சிதறி விழுந்தால் விபத்து. அபாயமோ 'போ' என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. விலகிப் போவது, கைவிட்டுப் போவது, அழிவு. அதன் உடன்பிறப்பு உபாயம். கிட்டப் போவதற்கான வழி உபாயம், விலகிப் போய்விடுவது அபாயம். "அபாயத்துக்கு ஓர் உபாயம்" என்று எதுகைக்காகச் சேர்த்துச் சொல்வதாக நினைத்திருந்தேன், இரண்டும் ஒரே வேர் என்று தெரிந்தபோது உடம்பு சிலிர்த்தது. பௌத்தத்தில் நான்கு அபாயங்கள் என்பார்கள்: நரகம், விலங்குப் பிறவி, பேய்ப் பிறவி, அசுரப் பிறவி. தீவினை செய்தவன் போய்ச் சேரும் நான்கு கெட்ட கதிகளுக்கு அந்தப் பெயர். இடத்தோடு இந்தச் சொல்லுக்கு உள்ள சொந்தம் அவ்வளவு பழையது.

எழுத்தில் ஒரு 'ப', காதில் கேட்பது வேறு. சமஸ்கிருதத்தில் இரண்டு சொல்லிலும் உதடு ஒட்டி வெடிக்கும் வல்லொலி. தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே வரும் ஒற்றை 'ப' மெலிந்துவிடும், கோபத்தில் வரும் 'ப' போல. அதனால் நாம் மென்மையாகத்தான் சொல்கிறோம், அது தமிழின் இயல்பு, திருத்த வேண்டியதில்லை.

விபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது நடந்து முடிந்தது. அதனால்தான் நெடுஞ்சாலையில் 'விபத்துப் பகுதி, மெதுவாகச் செல்லவும்' என்று வைக்கிறார்கள். இங்கே ஏற்கெனவே ஆட்கள் அடிபட்டிருக்கிறார்கள் என்ற செய்தி அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. மலைப்பாதையில் 'அபாயகரமான வளைவு' என்று இருந்தால் அங்கே இதுவரை ஒருவர்கூட விழாமல் இருந்திருக்கலாம். இந்த இரண்டு பலகையையும் ஒன்று போல நினைத்துக் கடந்து போகாதீர்கள்.

பக்கத்து மொழிகளில் இந்தச் சொற்கள் வேறு வேறு நாற்காலியில் உட்கார்ந்திருக்கின்றன. மலையாளத்தில் ரயில் சங்கிலி அபாயச் சங்ஙலதான், நமக்கு ஒட்டியது. ஆனால் அவர்களுக்கு விபத்து என்றால் பேரிடர். சாலை விபத்துக்கு அபகடம் என்பார்கள். கன்னடத்தில் அபாயம் அபாயமாகவே இருக்கிறது, அதனால் உங்கள் ஊரில் கன்னடம் பேசுபவர்களுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே தெரிந்திருக்கும். தெலுங்கில்தான் விசேஷம். கும்மிடிப்பூண்டி தாண்டி ஆந்திராவுக்குள் போனதும், தெலுங்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் ஒரு பலகையைப் பார்த்துத் திகைப்பார்கள்: ப்ரமாதம். நமக்கு அது பாராட்டு. சாப்பாடு பிரமாதம், கச்சேரி பிரமாதம். அவர்களுக்கு அது அபாயம், விபத்து. சாலை விபத்துக்கு அவர்கள் சொல்வது ரோட்டு ப்ரமாதம். மூலச் சொல்லுக்குப் பொருள் அஜாக்கிரதை, தவறு. தெலுங்கு அந்த வழியிலேயே போய், அஜாக்கிரதையால் வருவது என்ற இடத்தில் நின்றது. தமிழில் அது பயங்கரம், பெரிய விஷயம் என்று வளர்ந்து, கடைசியில் பெரிது என்பது மட்டும் தங்கி, பயம் உதிர்ந்துவிட்டது. பழைய பொருளின் வாசனை இன்னும் ஒரு வாக்கியத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது: "அது ஒண்ணும் பிரமாதமில்லை, ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்." காய்ச்சலைப் பற்றிச் சொல்லும் இந்த வாக்கியத்தில் பிரமாதம் என்பது பாராட்டு அல்ல, பயப்பட வேண்டிய விஷயம்.

சரி, ஆபத்துக்குத் திரும்புவோம். அந்தச் சொல்லில் என்னை மிகவும் ஈர்த்தது ஒன்று உண்டு. தமிழில் ஆபத்து தனியாக வருவதே அபூர்வம். கூடவே உதவிக்கு ஓர் ஆள் வருவார். ஆபத்பாந்தவன் என்றால் ஆபத்தில் உறவாக நிற்பவன். கும்பகோணம் பக்கம் ஆலங்குடியில் சிவனுக்குப் பெயரே ஆபத்சகாயேஸ்வரர், ஆபத்துக்குத் துணை. அந்த வட்டாரத்தில் ஆபத்சகாயம் என்று பிள்ளைக்குப் பெயர் வைப்பார்கள். யோசித்துப் பாருங்கள், டேஞ்சர் என்று பொருள்படும் சொல்லைத் தூக்கிப் பெற்ற பிள்ளையின் தலையில் வைக்கிறார்கள், அது கொஞ்சமும் உறுத்தவில்லை, ஏனென்றால் காதில் விழுவது சகாயம். அபாயத்தை வைத்து அப்படி ஒரு பெயரும் கிடையாது. பாண்டிய மன்னரின் மெய்க்காவல் படைக்குக் கல்வெட்டில் இருக்கும் பெயர் 'தென்னவன் ஆபத்துதவிகள்'. அரசனுக்கு ஒன்று என்றால் தன் உயிரைக் கொடுக்க நின்றவர்கள். ஆபத்து, உதவி என்ற இரண்டும் அன்றைக்கே ஒட்டிவிட்டன.

இன்றைய பேச்சிலும் அதுதான். "ஒரு ஆபத்து அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று ஐந்நூறு ரூபாயை மடித்துப் பையில் வைத்து அனுப்புகிறார்கள். அந்த வாக்கியத்தில் ஆபத்து என்றால் கத்தியும் இல்லை, தீயும் இல்லை. திடீரென்று கை முட்டிக்கொள்ளும் நேரம், அவ்வளவுதான். "ஆபத்துக்கு உதவினவர்" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் அவர் கிணற்றில் குதித்துக் காப்பாற்றினார் என்று பொருள் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் தந்தவராக இருக்கலாம், நடு இரவில் ஆட்டோ ஓட்டி வந்தவராக இருக்கலாம். கஷ்டகாலம் முழுவதையும் இந்தச் சொல் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. இங்கே போய் "அபாயத்துக்கு உதவினவர்" என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள், உங்கள் காதே ஏற்காது.

"ஆபத்துக்குப் பாவமில்லை" என்ற பழமொழியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. உயிர் போகிற நேரத்தில் ஆசாரம் பார்க்க வேண்டாம் என்பது அதன் கருத்து. மகாபாரதத்தில் சாந்தி பருவத்தில் ஆபத் தர்மம் என்றே ஒரு பகுதி இருக்கிறது. பஞ்ச காலத்தில் பசி தாங்காமல் விசுவாமித்திரர் நாய் இறைச்சியை எடுக்கப் போகும் கதை அதில்தான் வருகிறது. அவ்வளவு கனமான வாதத்தை நம் பாட்டிகள் இரண்டே சொல்லில் அடக்கிவிட்டார்கள். விரத நாளில் மாத்திரைக்காகச் சாப்பிட வேண்டி வந்தால், "ஆபத்துக்குப் பாவமில்லை, சாப்பிடு" என்று தட்டை நகர்த்துவார்கள்.

ஆனால் அதே பாட்டிகள் உண்மையான ஆபத்து எதிரே நிற்கும்போது ஆபத்து என்ற சொல்லை வாயில் எடுக்கவே மாட்டார்கள். என் அப்பத்தாவை வைத்துச் சொல்கிறேன். எனக்குத் தண்ணீரில் கண்டம் என்று ஜாதகத்தில் எழுதியிருந்ததாம். கண்டம் என்றால் உயிரைப் பறிக்கக் காத்திருக்கும் ஒரு வேளை. இன்ன வயதில் கண்டம், நெருப்பில் கண்டம், வாகனத்தில் கண்டம் என்பார்கள். எங்கள் தோட்டத்துக் கிணறு கைப்பிடிச் சுவர் இல்லாதது. மற்ற பிள்ளைகள் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு அதில் குதித்துப் பழகுவார்கள், நான் பத்தடி தள்ளி வேப்பமரத்தடியில் நிற்பேன். அப்பத்தா கயிற்றுக் கட்டிலில் இருந்தபடி என் காலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஓர் அடி முன்னால் வைத்தால் குரல் வரும்: "யய்யா, பாத்து." அவ்வளவுதான். கிணறு என்றோ, விழுந்துவிடுவாய் என்றோ, ஆபத்து என்றோ ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் நடந்துவிடும் என்ற பயம். அக்கம்பக்கத்தில் பேசும்போது மட்டும், "ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆகிப்போச்சுன்னா என்ன செய்ய" என்பார். அந்த 'ஒண்ணு' என்ன என்பதை அவர் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. நான் நீச்சல் கற்றது அவர் போன பிறகு, இருபத்து மூன்று வயதில்.

என்னைக் கேட்டால், தமிழ்நாட்டில் ஆபத்துக்கு நாம் தினமும் சொல்லும் சொல் இந்தப் 'பாத்து'தான். வண்டி எடுக்கும் மகனிடம் "பாத்துப் போ", படியிறங்கும் மாமியாரிடம் "பாத்து வாங்க", ஏணியில் நிற்பவரிடம் "பாத்துண்ணே". கண்ணெதிரே லாரி வரும்போது யாரும் "ஆபத்து!" என்று கத்துவதில்லை. "ஏய் பாத்து!" என்றோ "தள்ளு தள்ளு!" என்றோதான் தொண்டையிலிருந்து வரும். ஆபத்து, அபாயம் இரண்டும் பெயர்ச்சொற்கள், நிலைமையை விவரிக்கும். உயிரைக் காக்க வேண்டிய நொடியில் தமிழ் வினைக்குப் போய்விடுகிறது. உங்கள் பலகைக்கும் இது உதவும், கடைசியில் சொல்கிறேன்.

இலங்கைத் தமிழில் இந்த இடத்தில் நிற்பது 'கவனம்'. யாழ்ப்பாணத்தில் விடைகொடுக்கும்போது "கவனமாப் போங்கோ" என்பார்கள். நம் ஊர் வீட்டு வாசலில் 'நாய்கள் ஜாக்கிரதை' என்று இருக்கும், அங்கே 'நாய் கவனம்'. நாம் பேரிடர் என்று எழுதுவதை அவர்கள் அனர்த்தம் என்கிறார்கள்; அரசு அலுவலகத்தின் பெயரே அனர்த்த முகாமைத்துவ நிலையம். போருக்குப் பிறகு வன்னியில் வேலியோரம் நட்டிருந்த சிவப்புப் பலகைகளில் மண்டையோட்டின் கீழே 'மிதிவெடி' என்று இருந்தது. வெடியின் பெயரிலேயே என்ன செய்தால் சாவு என்பது இருக்கிறது. அந்தப் பலகைக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

ஜாக்கிரதை என்பதை நாம் எதற்கு வைத்திருக்கிறோம் என்றும் பாருங்கள்: நாய், திருடன், பிக்பாக்கெட். உயிருள்ள, தானாக வந்து தாக்கக்கூடிய ஒன்றுக்கு. விழிப்பு என்பது அதன் மூலப்பொருள். மின்கம்பத்தில் 'மின்சாரம் ஜாக்கிரதை' என்று நான் பார்த்ததில்லை. கேடு, தீங்கு இரண்டும் மெல்ல அரிப்பவை. மது உயிருக்குக் கேடு, புகை உடல்நலத்துக்குத் தீங்கு. இன்றைக்கே விழுந்து சாவோம் என்று அவை சொல்லவில்லை, நாள்பட்டுக் கெடும் என்கின்றன. ரசாயனப் பீப்பாய்க்குச் சொல் தேடும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட நாள் பழகினால் நுரையீரலைப் பாதிக்கும் பொருளுக்கு 'உடல்நலத்துக்குத் தீங்கானது' என்பதுதான் பொருத்தம்.

தூய தமிழில் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். நல்ல ஆசைதான், எனக்கும் உண்டு. திருக்குறளில் ஆபத்தும் இல்லை, அபாயமும் இல்லை. அங்கே இருப்பது இடுக்கண், இடும்பை, ஏதம். "இடுக்கண் வருங்கால் நகுக" என்று தொடங்கும் குறள் எல்லோருக்கும் தெரியும், 621-வது. நட்பைப் பற்றிய 788-வது குறள், உடுத்த துணி நழுவும்போது கை தானாகப் போய்ப் பிடிப்பது போல இடுக்கண் களைவதுதான் நட்பு என்கிறது. ஆபத்பாந்தவனைத் தமிழில் இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது. ஆனால் இடுக்கண் இன்று பேச்சில் இல்லை. இடர் என்பது பேரிடர் மேலாண்மை போன்ற தொடர்களில் மீண்டு வந்திருக்கிறது, அது பெரிய மகிழ்ச்சி. 2004 சுனாமிக்குப் பிறகு பேரிடர் என்ற சொல் கிராமம் வரை போய்ச் சேர்ந்தது. இருந்தாலும் சுழலும் இயந்திரத்தின் மேல் 'இடர்' என்று எழுதினால், அதைப் படித்துப் புரிந்துகொள்ள ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடியைத் தொழிலாளியிடமிருந்து எடுக்க நமக்கு உரிமை இல்லை. அபாயம் என்ற சொல்லை மண்டையோட்டுப் படத்தோடு சேர்த்துத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டும் வயதிலிருந்தே பார்க்கிறார்கள். 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 35-வது விதி அப்படித்தான் கேட்டது: மண்டையோடும் எலும்பும், ஆங்கிலத்திலோ இந்தியிலோ ஓர் அறிவிப்பு, கூடவே அந்த மாவட்டத்து மொழி. அப்படித் தெருவுக்குத் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் தொங்கியே அபாயம் என்ற சொல் நம் கண்ணில் பதிந்தது.

ரயில் பெட்டியில் அபாயச் சங்கிலி. காரணமில்லாமல் இழுத்தால் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 141-வது பிரிவின்படி 1,000 ரூபாய் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். யாரோ ஒருவர் ஆபத்தில் இருக்கும்போது இழுப்பதுதானே, ஆபத்துச் சங்கிலி என்று ஏன் சொல்லவில்லை? அது பெட்டியில் எப்போதும் தொங்கும் அறிவிப்புக் கருவி, அதனால் அபாயம். துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். மொத்தம் 11 எண்கள். ஆங்கிலத்தில் ஒன்றும் இரண்டும் தொலைதூர எச்சரிக்கை, மூன்றும் நான்கும் உள்ளூர் எச்சரிக்கை, ஐந்திலிருந்து ஏழு வரை டேஞ்சர், எட்டிலிருந்து பத்து வரை பெரிய டேஞ்சர், பதினொன்று தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்பதற்கு. தமிழில் இந்தப் படிகளை நாம் சொல்லில் காட்டாமல் விட்டுவிட்டோம். எல்லாமே எச்சரிக்கைக் கூண்டுதான், எண் மட்டும் மாறும். மீனவர்களுக்கு எண்ணே போதும். நகரத்தில் செய்தி படிக்கும் ஒருவருக்கு நான்காம் எண்ணுக்கும் ஐந்தாம் எண்ணுக்கும் நடுவில் இருக்கும் பெரிய இடைவெளி புரிவதில்லை. அந்தக் குறையை உங்கள் தொழிற்சாலையில் நீங்கள் செய்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஏனென்றால் உங்கள் மூன்று சொல்லும் அப்படிப்பட்ட படிகள்தான். மீறினால் சாவு அல்லது கடுமையான காயம் நிச்சயம் என்பதற்கு டேஞ்சர். சாவோ கடுமையான காயமோ நேரலாம் என்பதற்கு வார்னிங். சின்ன அல்லது நடுத்தரக் காயம் படலாம் என்பதற்குக் காஷன். இவற்றுக்கு வரிசையாக அபாயம், எச்சரிக்கை, கவனம் என்று வையுங்கள். மூன்றும் எல்லோருக்கும் தெரிந்தவை, ஒன்றோடு ஒன்று குழம்பாதவை. எச்சரிக்கை என்பதையே மூன்றுக்கும் போட்டுவிட்டு நிறத்தை மட்டும் மாற்றும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அதைச் செய்யாதீர்கள். எல்லாப் பலகையும் எச்சரித்தால் எதையும் யாரும் படிக்க மாட்டார்கள்.

அப்புறம், அந்த ஒற்றைச் சொல்லோடு நிறுத்த வேண்டாம். 'பாத்து' பற்றிச் சொன்னேன் அல்லவா, கீழே ஒரு வினை வேண்டும். அபாயம், உருளை சுழல்கிறது, கை வைக்கக் கூடாது. எச்சரிக்கை, சூடான எண்ணெய் தெறிக்கலாம், கண்ணாடி போட்டுக்கொள்ளவும். கவனம், தரை வழுக்கும். 'தொடாதே', 'நுழையாதே' என்ற பழைய பாணி எனக்குப் பிடிக்காது. ஐம்பது வயது மனிதரை ஒருமையில் அதட்டுவது போல இருக்கிறது. 'தொடாதீர்' என்பது மரியாதையானது, ஆனால் யாரும் பேசாதது. 'தொடக் கூடாது' என்பதில் மரியாதைக் குறைவும் இல்லை, குழப்பமும் இல்லை. வடமாநிலத் தொழிலாளர்கள் இருந்தால் இந்தியில் கத்ரா என்பதும் தமிழ் எழுத்தின் அதே அளவில் பக்கத்தில் இருக்கட்டும்.

ஒற்று விஷயத்தில் இரண்டு குறிப்பு. அபாயச் சங்கிலி, அபாயப் பகுதி, அபாயக் குறி என்று வல்லினம் மிகும். அபாய எச்சரிக்கை, அபாய ஒலி என்று உயிர் வந்தால் ஒன்றும் வேண்டாம். கட்டடம் விழுந்த செய்தியில் 'இடர்பாடுகளில் சிக்கினார்' என்று எழுதுவதைப் பார்க்கிறேன். அது இடிபாடு. அவசரகால வழிகாட்டிக் கையேடும் நீங்கள்தான் எழுதுவீர்கள் என்றால் இது உதவும்.

அச்சுக்குக் கொடுத்துப் பலகை வந்ததும் ஓர் எழுத்தை மட்டும் தனியாகப் பாருங்கள்: 'பா'. எங்கள் தெரு முனையில் ஒரு மின்மாற்றியின் தகரத்தில் சிவப்பு எழுத்தை ஒட்டியிருந்தார்கள். வெயிலிலும் மழையிலும் அந்தத் துணைக்கால் உரிந்து விழுந்துவிட்டது. அபயம் என்று நின்றது. பயம் வேண்டாம், அடைக்கலம் தருகிறேன் என்று சாமி கை காட்டுமே, அந்த அபயம். எலும்புக்கூட்டுத் தலைக்கு மேலே அப்படி ஒரு சொல். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் போவார்கள். பக்கத்துக் கடையில் சிவப்புப் பெயிண்ட் வாங்கி, கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன், கை எட்டவில்லை, எட்டவும் கூடாது. மின்வாரிய ஊழியரிடம் சொல்லி, அவர் வந்து மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் அந்தக் காலை எழுதினார். உங்கள் பலகையில் எழுத்தை ஒட்ட வேண்டாம், தகட்டிலேயே அச்சடிக்கச் சொல்லுங்கள்.